பாரா மாற்ற ஆள் வேண்டும்

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் குன்னூர் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் 22 வருடம் பட்டாளத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து 2 வருடம் ஆகிறது. காஷ்மீரில் ரோந்து போன இடத்தில் கண்ணிவெடி வெடித்து, பக்கத்தில் நடந்து வந்த கூட்டாளி இறந்துவிட்டார். அதைப் பற்றி இவர் வாய் திறப்பதே இல்லை. இரவில் தூக்கம் கிடையாது. எங்கள் ஊருக்குள் காட்டெருமை வந்தால் பட்டாசு போட்டு விரட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். பிறகு வெட்கப்பட்டு இரண்டு நாள் யார் முகத்திலும் விழிக்கமாட்டார். கேன்டீன் ரம் இல்லாமல் படுப்பதில்லை.

எட்டு மாதமாக, பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளும் ஒரு பையனோடு இவருக்குச் சிநேகம். 10, 11 வயது இருக்கும். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான். அப்பா குடித்தே இறந்துவிட்டாராம். அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போனவள் திரும்பவில்லையாம். இவர் விடியற்காலை நான்கு மணிக்கே ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் அவனோடு உட்கார்ந்துவிடுகிறார். ஐப்பசி மழையில் ஒரு வாரம் வீட்டுக்கே கூட்டிவந்து முன்னறையில் தன்னோடு படுக்க வைத்தார். "நீங்கள் தூங்குங்கள் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவன் சொன்னதை நான் கேட்டேன். அன்று இவர் ஐந்து மணி நேரம் தூங்கினார். நான்காம் இரவு அலறிக்கொண்டு எழுந்தவர் பையனின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். விளக்கைப் போட்டதும் விட்டுவிட்டார். பையன் அழவில்லை. மறுநாளிலிருந்து இவர் கத்தினால் அவன் கிட்டே போவதில்லை. இரண்டு எட்டு தள்ளி, கால் பக்கம் நின்று "ஹவில்தார் சார்" என்று கூப்பிடுகிறான். இவர் விழித்துவிடுகிறார்.

என்னிடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொல்கிறார் என்று நினைக்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. "அவனிடம் சிரிக்கிற மாதிரி அப்பா என்னிடம் சிரிப்பதில்லை" என்கிறாள். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள். இவருக்குத் தெரியாமல் போலீசில் சொல்லி அவனை ஹோமில் சேர்த்துவிடு என்கிறார் என் அண்ணன். இவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அவனை அனுப்பினால் என்னையும் மறந்துவிடு" என்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். வரச் சொல்லலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நீலகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று. இரண்டு எட்டு தள்ளி, கால் பக்கம் நின்று கூப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. சண்டை நடந்த இடங்களிலிருந்து வந்தவர்களின் மனைவியருக்கு நாங்கள் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். கெட்ட கனவில் கத்துகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது. தலைமாட்டில் குனிந்து நிற்கக் கூடாது. விளக்கைப் போட்டு, கை எட்டாத தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சொல்லிக் கொடுத்தாலும் பலருக்கு இது வருவதில்லை. புருஷன் அலறும்போது தோளைப் பிடித்து உலுக்கத்தான் கை போகும். இந்தப் பையனுக்கு ஒரே இரவில் வந்துவிட்டது. பகலில் மாமா என்பவன் இரவில் ஹவில்தார் சார் என்கிறான் பாருங்கள், எந்தப் பெயருக்கு அவர் சட்டென்று திரும்புவார் என்பதையும் கணித்து வைத்திருக்கிறான்.

இதை எங்கே கற்றான்? குடித்துவிட்டுக் கிடக்கும் அப்பனை எழுப்பிப் பழகிய பிள்ளைக்கு, பெரியவர்களின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிந்திருக்கும். கடைப்படியில் படுக்கிறவனுக்கு, வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிந்தாக வேண்டும். அவனை நான் பார்த்ததில்லை. இது என் ஊகம்தான். ஆனாலும் பத்து வயதில் இப்படி ஒரு தூரத்தை எந்தப் பிள்ளையும் சும்மா அளந்து வைத்துக்கொள்வதில்லை.

என் அறையில் சுவரோரம் ஒரு மர நாற்காலி இருக்கிறது. முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு நேரே கதவு. அதில் ஒரு கால் கொஞ்சம் ஆடும். மேசைக்கு எதிரே நல்ல மெத்தை வைத்த நாற்காலி இருந்தாலும், பட்டாளத்திலிருந்து வருகிறவர்கள் நேரே போய் அந்த ஆடுகால் நாற்காலியில்தான் உட்காருவார்கள். தெருவிலிருந்து அழைத்து வரப்படும் பிள்ளைகளும் அப்படித்தான். கதவுக்கு முதுகைக் காட்டி அவர்களால் உட்கார முடியாது. உங்கள் கணவரும் அந்தப் பையனும் பஸ் ஸ்டாண்டில் எப்படி உட்காருகிறார்கள் என்று ஒருநாள் தள்ளி நின்று பாருங்கள். இருவர் முதுகும் சுவரில் இருக்கும் என்பது என் எண்ணம். ஒரு ஹவில்தாருக்கும் ஒரு பொடியனுக்கும் என்ன சிநேகம் என்று உங்கள் அண்ணன் கேட்கக்கூடும். இருவருக்கும் ஒரே வேலை. ஊர் தூங்கும்போது தூங்காமல் பாரா இருப்பது.

முதலில் உங்கள் கணவர். கண்ணிவெடி வெடித்தது காஷ்மீரில், அதுவும் எத்தனையோ வருடத்துக்கு முன்னால். ஆனால் ஆபத்து என்றால் மூளையில் ஒரு மணி அடிக்கும். சிலருக்கு அந்த மணி அன்று அடித்தது அடித்தபடியே நின்றுவிடுகிறது. பட்டாசுச் சத்தத்தில் அவர் கட்டிலுக்கு அடியில் போவது கோழைத்தனமே இல்லை. 22 வருடம் கற்றுக்கொடுத்ததை உடம்பு சரியாகச் செய்கிறது. தான் இப்போது நிற்பது எந்த ஊர் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. கெட்ட கனவு, நடந்ததைப் பற்றிப் பேச மறுப்பது, திடுக்கிடுவது, மனம் மரத்துப்போய்ப் பெற்ற மகளிடமும் சிரிக்க முடியாமல் போவது, எல்லாம் ஒரே நோயின் முகங்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915இல் இதைக் குண்டு அதிர்ச்சி என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தப் போரில் ஓடிப்போனவர்கள், கோழைகள் என்று பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் சிப்பாய்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. இன்று வழங்கும் பெயர், விபத்துக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்பது, 1980இல்தான் மருத்துவப் பட்டியலில் ஏறியது. பெயரைவிட முக்கியமானது, இதற்கு வைத்தியம் இருக்கிறது என்பது.

உங்கள் மலையோடு தொடர்புடைய ஒரு மனிதரை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர். தோடர்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1906இல் வந்தது. அவர் அடிப்படையில் மருத்துவர். முதல் உலகப் போரின்போது எடின்பரோவுக்கு அருகே ஒரு மருத்துவமனையில், மனம் உடைந்து வந்த ராணுவ அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தார். எல்லாவற்றையும் மறந்துவிடு, நல்லதையே நினை என்பதுதான் அப்போது எல்லோரும் சொன்ன புத்திமதி. அந்தப் புத்திமதியே பலருக்கு இரவுகளை மோசமாக்குகிறது என்று ரிவர்ஸ் 1917இல் மருத்துவர்கள் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். நாள் முழுக்க அதையே நினைத்துக் கிடக்கச் சொன்னவரும் அல்லர் அவர். நம்பிக்கையான ஒருவரிடம், தாங்கக்கூடிய அளவில், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வேண்டும் என்றார். நூறு வருடம் கழித்து நாங்கள் செய்யும் வைத்தியத்துக்கும் அடிப்படை ஏறத்தாழ இதுதான்.

உங்கள் கணவர் அந்த ஒருவரைத் தானாகவே தேடிக்கொண்டார். அது நீங்களாக இல்லாததில் உங்களுக்கு வருத்தம். கடிதத்தில் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோனீர்கள், ஆனால் அந்த வரிதான் எல்லாவற்றையும்விடச் சூடாக இருந்தது. 22 வருடம் லீவுக்கு லீவு காத்திருந்தவர் நீங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் அவருடைய பழைய முகம் இருக்கிறது. கல்யாணப் போட்டோவில் இருக்கிறவரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும், தான் எவ்வளவு மாறிப்போனோம் என்பதை அவர் காண்கிறார். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. பையனிடம் அந்தப் போட்டோ கிடையாது. அவன் அறிந்ததெல்லாம், விடியற்காலையில் ஃபிளாஸ்க்கோடு வரும் இந்த மனிதரைத்தான். சண்டையில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கும் சொந்தக்காரர்களைப் போலவும் அவன் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரு டம்ளர் சூடான டீ, பக்கத்தில் ஓர் ஆள். அந்த ஆளாக இருக்கத் தன்னால் முடிகிறது என்று அவர் எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் தெரிந்துகொள்கிறார். கூட்டாளியைக் காப்பாற்ற முடியாமல் போன ஒருவருக்கு அது எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இந்தச் சிநேகத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இப்போது இருக்கிறபடியே நடக்கவிடவும் கூடாது. "நீங்கள் தூங்குங்கள் மாமா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது படிக்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது. பிறகு கணக்குப் போட்டேன். அவர் தூங்கிய அந்த ஐந்து மணி நேரமும் பையன் விழித்திருந்தான். கிளாஸ் கழுவும் வேலைக்கு விடியற்காலையில் எழுந்தாக வேண்டிய, வளர வேண்டிய ஒரு பிள்ளை, ஒரு பெரியவரின் தூக்கத்துக்குப் பாரா இருந்திருக்கிறான். கை முறுக்கப்பட்டும் அழாமல், மறுநாள் தூரத்தை மட்டும் திருத்திக்கொண்டு மறுபடி பாராவுக்கு நின்றிருக்கிறான். அழாத பிள்ளையைப் பார்த்து ஊரார் தைரியசாலி என்பார்கள். எனக்கு அழாத பிள்ளையைப் பார்த்தால்தான் கவலை.

நம் சங்கப் பாட்டு ஒன்றில், போரில் புண்பட்டு வந்தவனை வீட்டில் கிடத்தியிருப்பார்கள். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகை காட்டி, யாழும் வேறு வாத்தியங்களும் முழங்கக் காவல் இருப்பார்கள். அதைச் சொல்கிற பெண், வா தோழி, நாம் காப்போம் என்று இன்னொருத்தியையும் துணைக்குக் கூப்பிடுவாள். அவ்வளவு பெரிய புண்ணுக்குத் தான் ஒருத்தி போதாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் காவலுக்கு ஒரு சின்னப் பையன் மட்டும் நிற்கிறான். அவனைப் பாராவிலிருந்து இறக்கிப் பெரியவர்கள் ஏற வேண்டும். எனக்குச் சொல்லத் தோன்றுவதெல்லாம் இதுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

இன்று இரவிலிருந்தே ஒரு மாற்றம்: உங்கள் கணவர் தூங்கும் அறையில் அந்தப் பையன் படுக்கவே கூடாது. மகளும் கூடாது. கனவில் இருக்கும்போது அவர் கை யாரைப் பிடிக்கிறது என்று அவருக்கே தெரியாது, அன்று முறுக்கோடு நின்றது அதிர்ஷ்டம். அவர் கத்தினால் விளக்கைப் போட்டுவிட்டு, அறை வாசலில் நின்று நீங்கள் கூப்பிடுங்கள். விழித்ததும், குன்னூரில் இருக்கிறீர்கள், நம் வீடு, நான்தான் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் பட உட்காரச் சொல்லுங்கள். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்க வேண்டாம்.

அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு வருகிறேன். நீங்கள் அதை ஒரு மாதிரியாக என்று எழுதி நிறுத்திக்கொண்டீர்கள். வளர்ந்த ஆண், யாருமில்லாத பையன், இரவு, ஒரே அறை. அவர்கள் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்று ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு நான் சான்றிதழ் கொடுக்க முடியாது. கொடுக்கிற மருத்துவரை நம்பவும் நம்பாதீர்கள். கடிதத்தில் எனக்குச் சந்தேகம் தரும் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லலாம். நல்ல மனிதரோ கெட்ட மனிதரோ, ஆதரவில்லாத பிள்ளையோடு பழகுகிற எந்தப் பெரியவருக்கும் ஒரே விதிதான். சந்திப்பு வெளிச்சத்தில் நடக்க வேண்டும், நாலு பேருக்குத் தெரிய வேண்டும், பிள்ளையிடம் தனியாகப் பேசிக் கேட்க, பழக்கப்பட்ட ஒரு மூன்றாம் மனிதர் இருக்க வேண்டும். இது பையனுக்கும் காப்பு, உங்கள் கணவருக்கும் காப்பு.

அந்த மூன்றாம் மனிதருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, வீடோ பிழைப்புக்கு வழியோ இல்லாத பிள்ளை அரசின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்கும் உரியவன். அப்படி யாருமற்ற பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவர், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைனுக்கோ போலீசுக்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. ஐப்பசியில் நடந்தது நல்லெண்ணத்தில் நடந்தது. ஆனால் இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாதல்லவா? டீக்கடைக்காரரும் அவனுக்குச் சோறு போடுகிற நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம்.

அழைக்க வேண்டிய சைல்டுலைன் எண் 1098. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதுபோல் உங்கள் கணவருக்குத் தெரியாமல் அழைக்காதீர்கள். அந்தத் தவறை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், ஓர் இரவுக் காவலாளியோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவன். காவலாளியிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவருடைய உறவினரைவிட்டுத் தகவல் சொல்ல வைத்தேன். வண்டி வந்தது, பையனை ஏற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் அவன் விடுதியிலிருந்து ஓடிவிட்டான். காவலாளி அதற்குப்பின் என்னிடம் வைத்தியத்துக்கு வரவில்லை. நான் அதை மீட்பு என்று நினைத்தேன். அவர்கள் இருவருக்கும் அது காட்டிக்கொடுத்தல். தெருவில் வளர்ந்த பிள்ளை அதை ஒருமுறையாவது மன்னிப்பான் என்றுகூடச் சொல்ல முடியாது.

உங்கள் கணவரிடம் அவருக்குப் புரிகிற மொழியில் பேசுங்கள். அவனை அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு சிப்பாயை எட்டு மாதம் மாற்று ஆள் இல்லாமல் பாராவில் நிறுத்துவார்களா என்று கேளுங்கள். அப்படி நிறுத்துகிற அதிகாரியைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்று கேளுங்கள். பிறகு, 1098ஐ நீங்களே அழையுங்கள், குழுவின் முன்னால் அவனோடு நீங்களே போய் நில்லுங்கள் என்று சொல்லுங்கள். பொறுப்பை முறையாக ஒப்படைப்பது பட்டாளத்தில் ஓடிப்போவது ஆகாது. அது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பையனிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கே போகிறோம், யார் கேள்வி கேட்பார்கள், மாமா எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்பது வரை சொல்லுங்கள். எதையும் அழகுபடுத்திச் சொல்ல வேண்டாம்.

குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒரு சமூகப் பணியாளர் 15 நாளில் பையனின் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தருவார், நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் திருப்பூரில் அம்மாவைத் தேடுவார்கள். வரவில்லை என்று பையன் சொல்வது அவனுக்குத் தெரிந்த உண்மை. பனியன் கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, தகவல் சொல்ல வழியில்லாமல் அவளும் எங்காவது தவித்துக்கொண்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விடுதி என்பது சட்டத்தில் கடைசி வழிதான். குடும்பத்தோடு சேர்க்க முடிந்தால் அதுதான் முதல். அம்மா கிடைத்து, வறுமைதான் தடை என்று தெரிந்தால், தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் தரும் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. எங்கே தங்கினாலும் பள்ளிக்கூடம் உண்டு. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் தள்ள முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

பையன் மலையிலேயே இருப்பான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் கணவர் அவனை வந்து பார்க்க விரும்புவதை முதல் நாளே குழுவிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். எட்டு மாதம் அவனுக்கு நம்பிக்கையாக இருந்த ஒரே பெரியவர் என்பதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். நாங்களே வளர்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லலாம். வளர்ப்புப் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில், வைத்தியம் தொடங்காமல், தினமும் ரம்மோடு, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். வைத்தியத்துக்கு வர அவருக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ரம்மைப் பற்றிக் கொஞ்சம். குடித்தால் கண் அசருவது உண்மை. ஆனால் கனவு வரும் தூக்கத்தை முன்னிரவில் அது அழுத்தி வைக்கிறது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்குப் போதை இறங்கும்போது அழுத்தியதெல்லாம் சேர்ந்து எழும்புகிறது. அவர் எத்தனை மணிக்கு அலறுகிறார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள், மருத்துவருக்கு உதவும். ஒன்று மட்டும் கவனம். தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புவரை போகலாம். பாட்டிலை நீங்களே கொட்டிவிட்டுச் சபதம் வாங்க வேண்டாம், மருத்துவர் கண்காணிப்பில் குறைக்கட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். இந்த நோய்க்கு அது உதவாது, பழக்கம் மட்டும் மிஞ்சும்.

முறையான வைத்தியம் என்பது வாரம் ஒருமுறை, பெரும்பாலும் எட்டிலிருந்து பதினைந்து அமர்வு வரை, பயிற்சி பெற்றவரோடு அந்த நாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பேசுவது. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. குன்னூர் அரசு லாலி மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். உங்கள் கணவரிடம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டை இருக்கும், அந்த வழியாகவும் மனநல மருத்துவரிடம் போகலாம். பட்டாளத்து மருத்துவமனைப் பக்கம் போனால் தெரிந்தவர் பார்ப்பார்களே என்று கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டாள முகாம் இருக்கும் வெலிங்டன் பக்கம் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அப்படியானால் ஊட்டிக்கோ கோவைக்கோ போகட்டும். பஸ் செலவு பெரிதில்லை.

இனி, "என்னையும் மறந்துவிடு" என்றாரே, அது. வீட்டைவிட்டுப் போவேன் என்பதற்கும் அப்படிச் சொல்வதுண்டு, உயிரைவிடுவேன் என்பதற்கும் சொல்வதுண்டு. எது என்று ஊகிக்காமல் கேளுங்கள். செத்துப்போக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்று, இதே சொற்களில், அவர் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. பலருக்கு யாராவது கேட்டார்களே என்று மூச்சு வரும். ஆமாம் என்றால் அன்றே மருத்துவமனை, தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்கள் செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பதுண்டு. உங்கள் வீட்டில் இருந்தால், அவர் நலமாகும்வரை காவல் நிலையத்தில் ஒப்படைக்க அவரையே சம்மதிக்க வையுங்கள். தேயிலைக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அதுவும் வெளியே போகட்டும்.

உங்கள் மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதினீர்கள். அவள் கேட்பது நியாயம். அந்தப் பையனைப் பார்த்து நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று தெரிந்துகொள் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்கு என்ன நோய் என்று அவள் வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள். 14 வயதில் தெரியாமல் இருப்பதுதான் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வரட்டும். பகல் சாப்பாட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பட்டும். அதற்குள் உங்கள் கணவரோடு பேசிவிட்டீர்களானால், அன்று மாலையே மூவருமாக உட்கார்ந்து 1098ஐ அழைக்கலாம்; இது மார்கழி, பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் தரையில் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடாதீர்கள். அவன் இரண்டாம் முறை சோறு கேட்கத் தயங்குவான், கேட்காமலே போடுங்கள். பரிமாறும் வேலையை மகளிடம் கொடுக்க வேண்டாம். அவளும் இலைக்கு முன்னால் உட்காரட்டும், அப்பா பக்கத்தில். கதவைப் பார்த்த இடம் யாருக்கு என்று அவர்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்வார்கள்.